பட்டியலில் இல்லாத சம்பல்

புது ஊருக்குப் போனால் எனக்கு அருவியெல்லாம் பிறகுதான், முதலில் சாப்பாடு. போன வருடம் கொழும்பிலிருந்து முதன்முறையாக ஹட்டனுக்குப் போனபோதும், ஃபோனில் ஆறு கடைகளைக் குறித்து வைத்திருந்தேன். இருந்தாலும் ஆட்டோக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டேன்.

"இந்த ஊர்லயே ருசியான சாப்பாடு எங்கங்க?"

கொஞ்சம் யோசித்தார். "ஏறுங்க, காட்டுறேன்."

ஆட்டோ டவுனை விட்டு, டிக்கோயா பக்கம் தேயிலைக்குள் ஏறியது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு கடையும் இல்லை. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"சுத்திக்காட்டி ஏமாத்தப் பாக்குறீங்களா?" என்று கத்தியே விட்டேன். அவர் ஒரு வளைவில் ஆட்டோவை நிறுத்திவிட்டு இறங்கினார்.

மலையில் தேத்தண்ணி நேரம். கொழுந்து பறிக்கும் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, அவரவர் கொண்டுவந்த ரொட்டியையும் சம்பலையும் நடுவில் வைத்துப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள்.

"விருந்தாளி வந்திருக்காரு," என்றார் ஆட்டோக்காரர். ஆளுக்குக் கொஞ்சமாக எனக்கும் வைத்தார்கள்.

அதில் ஒரு மாசிக் கருவாட்டுச் சம்பல்! நாக்கில் பட்டதும் துள்ளிவிட்டேன். "ஐயோ, இதை யாருங்க செஞ்சது?"

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். ஒரு அக்கா ஆட்டோக்காரரைக் கைகாட்டினார். "எங்க வீட்டுக்காரர்தாங்க. நான் விடிய வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்கு ஓடிருவேன். சமையல் எல்லாம் இவர்தான்."

திரும்பும்போது கேட்டேன், "முதல்லயே சொல்லியிருக்கலாமேங்க?"

"என் சமையல்தான் ருசின்னு நானே சொன்னா நம்புவீங்களா?"

விரலில் இன்னும் மாசி மணந்தது. அவர் போன வழியையே நம்பாதவன் நான்.