விழப் பழக்கிய சனிக்கிழமைகள்

ஜுஜுட்சு படிப்பிக்கிறவனுக்கு உள்ள பெரிய கரைச்சல், கோட்டும் சூட்டுமாக வந்து நிற்கிற கௌரவமான மனிதர்களை முதல் நாளே தரையில் விழச் சொல்ல வேண்டியிருப்பதுதான். சங்கீதம், தையல், சுருக்கெழுத்து என்று எதையாவது பிறருக்குச் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தவர்கள் இதை வாசித்தால், என் பாடு அவர்களுக்கு விளங்கும்.

நான் கப்பலில் சாப்பாடு பரிமாறுகிற ஸ்டுவர்ட் வேலை பார்த்தவன். கோபே துறைமுகத்தில் எங்கள் கப்பல் மாதக்கணக்காகப் பழுதுபார்க்கக் கிடந்தபோது, பொழுது போகாமல் ஒரு ஜப்பான்காரரிடம் இந்த வித்தையைப் பழகினேன். கையில் கத்தி பொல்லு ஒன்றும் வேண்டாம். எதிராளியின் பாரத்தைக் கொண்டே எதிராளியை விழுத்துகிற வித்தை. கடல் அலுத்துப்போய்க் கொட்டாஞ்சேனைக்குத் திரும்பியதும், மாதா கோயிலுக்குச் சொந்தமான ஒரு பழைய மண்டபத்தைச் சாமியாரிடம் கேட்டு வாங்கினேன். தும்பு மெத்தைகளை விரித்து, பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சனிக்கிழமை வகுப்புத் தொடங்கினேன். அது இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்திய காலம். ஜப்பான் என்றால் கொழும்பில் அப்போது பொம்மையும் பீங்கானும்தான் ஞாபகத்துக்கு வரும்.

ரெண்டு கிளாஸ்

வாசலில் ஒரு பலகை தொங்கவிட்டேன். ‘ஜுஜுட்சு கிளாஸ்’ என்று என் கையாலேயே பெரிதாக எழுதியிருந்தேன். முதல் நாள் பகல் வரை ஒரு குருவியும் வரவில்லை. நல்ல வெயில் நேரத்தில், மாளிகாவத்தையில் புடவைக் கடை வைத்திருந்த உமர் ஹாஜியார் எட்டு வயது மகனுடன் உள்ளே வந்தார். வாங்கில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “ரெண்டு கிளாஸ் தாங்க. ஒண்டு மகனுக்கு” என்றார்.

எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். மகனுக்கு என்ன வயது என்று கேட்டேன். “வயசு பாத்தா குடுக்கிறீங்க?” என்று அவர் ஆச்சரியப்பட்டார். “சின்னப் பிள்ளைக்கு மெதுவாத்தான் தொடங்க வேணும், ஹாஜியார். முதல் கொஞ்ச நாளைக்குத் தரையிலதான் கிடப்பார். பயப்படாதீங்க” என்றேன். அவர் மகனை இழுத்து மடியோடு அணைத்துக்கொண்டு, “யா அல்லா! அப்பிடி என்னத்தத்தான் கலக்கிறீங்க?” என்றார்.

என் பலகையை அவர் ஏதோ ஜூஸ் கடைப் பலகை என்று வாசித்துவிட்டு வந்த விஷயம் வெளித்ததும் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அதற்கிடையில் பையன் மஹ்ரூஃப் மெத்தையில் ஏறிக் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருந்தான். ஹாஜியார் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைசியில் சொன்னார்: “சரி, அவனச் சேத்துக்கொள்ளுங்க. எனக்கு ஒரு கிளாஸ் தண்ணி மட்டும் தாங்க.”

குனிவதா, வேண்டாமா

பழகத் தொடங்குமுன் எதிராளிக்குக் குனிந்து மரியாதை செய்ய வேண்டும் என்பது என் ஆசான் வகுத்த முறை. அதைச் சொன்ன அன்றே ஹாஜியார் என்னைத் தனியே கூப்பிட்டார். “மாஸ்டர், கோவிக்காதீங்க. நாங்க தல குனியிறது அல்லாவுக்கு மட்டும்தான்” என்றார். அவர் கேட்ட விதத்தில் எனக்குக் கோபம் வரவில்லை; யோசனைதான் வந்தது. மரியாதைதானே முக்கியம், முதுகு வளைவது இல்லையே. அவரவர் வீட்டு வழக்கப்படி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த கிழமை பார்க்க வேண்டுமே! ஒருவன் கைகூப்புகிறான், ஒரு சிறுமி சிலுவை போடுகிறாள், மஹ்ரூஃப் நெஞ்சில் கை வைத்து சலாம் சொல்கிறான். பிறகு எல்லோருமாக ஒருவரையொருவர் உருட்டித் தள்ளுகிறார்கள். அன்று மஹ்ரூஃப் மட்டும் எதிராளியின் சட்டையைப் பிடித்தபடியே என்னிடம் திரும்பி, மிகுந்த பணிவோடு ஒரு சந்தேகம் கேட்டான்: “சேர், சலாம் செல்லிட்டு எறியணுமா, எறிஞ்சிட்டு சலாம் செல்லணுமா?”

நடராசா ஐயாவின் தோள்

நடராசா ஐயா வெள்ளவத்தையில் குடியிருந்தார். கோட்டையில் ஒரு கந்தோரில் தலைமைக் கிளார்க். நீரிழிவுக்கு உடம்பை அசைக்க வேண்டும் என்று டாக்குத்தர் சொன்னதால் வந்தவர். மெத்தையில் பின்பக்கமாக விழுங்கள் என்றேன். “முப்பது வருஷமாய் விழாமல் கந்தோருக்குப் போய்வாறன், தம்பி. இப்ப ஏன் விழ வேணும்?” என்றார். பிறகு, கதிரையில் குந்துவதுபோல அங்குலம் அங்குலமாகக் கீழே இறங்கி, மெல்லச் சரிந்து படுத்து, “இப்ப சரியோ?” என்று கேட்டார். அதைச் சயனம் என்றுதான் சொல்லலாம், விழுதல் என்று சொல்ல முடியாது. இரண்டு மாதம் இப்படியே போயிற்று. மூன்றாம் மாதம் ஒருநாள், பிள்ளைகள் வரிசையாக உருள்வதைப் பார்த்து ரோசம் வந்து, நாடியை நெஞ்சோடு சேர்த்து, தோளால் உருண்டு, கையால் மெத்தையில் பளாரென்று அடித்து எழும்பினார். அன்றிலிருந்து அவரை நிறுத்துவதுதான் எனக்கு வேலையாகப் போயிற்று.

ஒரு திங்கட்கிழமை காலை, ட்ராம் நின்றுவிட்டது என்று நினைத்து அவர் இறங்கியிருக்கிறார். அது நிற்கவில்லை. குதி வழுக்கிவிட்டது. சனங்கள் ஐயோ என்று கத்த, ஐயா நடுத்தெருவில் தோளால் ஒரு உருள் உருண்டு எழும்பி நின்றிருக்கிறார். கோட்டில் தூசி, கையில் சாப்பாட்டுக் கரியர் மூடி திறபடாமல் அப்படியே. அன்று கந்தோர் விட்டதும் நேரே என் வீட்டுக்கு வந்து, கண்ணெல்லாம் பளபளக்க இதைச் சொன்னார். ட்ராமை நிறுத்திவிட்டு ஓடி வந்த சிங்களக் கொண்டக்டர், காயமா என்று கூடக் கேட்கவில்லையாம், இன்னொரு தரம் செய்து காட்டச் சொன்னானாம்: “மாத்தயா, தவ செரயக் பென்னன்ன!”

பிலோமினா

பிலோமினா தன் இரண்டு ஆண் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டவள். ஆஸ்திரேலியாவிலிருந்து மா வந்த சாக்குத் துணியில் எல்லாருக்கும் சட்டை தைத்துத் தந்ததும் அவள்தான். எத்தனை தரம் தோய்த்தாலும் முதுகில் கங்காரு படம் போகவில்லை. பிள்ளைகள் விழப் பயந்து அழுதபோதெல்லாம் வாங்கில் இருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் எழும்பிப் போய், புருஷனின் காக்கிக் காற்சட்டையைச் சேலைக்குள் போட்டுக்கொண்டு வந்து, கங்காருச் சட்டையையும் மாட்டிக்கொண்டு நின்றாள்.

பொம்பிளைகளுக்கு வகுப்பு இல்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவள் நேரே போய்ச் சின்னப் பிள்ளைகளின் வரிசைக் கடைசியில் நின்றுகொண்டாள். “அப்ப என்னையும் ஒரு சின்னப் பிள்ளையா நினைச்சுக்கொள்ளுங்க, அண்ணே.”

சாமியார் வந்த நாள்

யாரோ போய்ச் சாமியாரிடம் சொல்லிவிட்டார்கள்: கோயில் மண்டபத்தில் ஜப்பான் வேதம் படிப்பிக்கிறான், குடும்பப் பெண்ணொருத்தி காற்சட்டை போட்டு உருள்கிறாள் என்று. சாவியைத் திருப்பித் தரச் சொல்லி ஆள் வந்தது. இந்தக் கூட்டத்தை விட்டால் எனக்குத் திரும்பக் கப்பல்தான்.

சனிக்கிழமை சாமியார் தாமே வந்தார். பிரான்ஸ் நாட்டுக்காரர், நெஞ்சு வரை தாடி. அவருக்குப் பின்னால் பிலோமினாவின் புருஷன் மார்சலின். துறைமுகத்தில் கிரேன் வேலை, வாசலில் குனிந்துதான் உள்ளே வருவான். “சவிரிமுத்து, நீ இவர்களுக்கு என்ன போதிக்கிறாய்?” என்றார் சாமியார். எனக்கு முந்திக்கொண்டு பிலோமினாதான் முன்னால் வந்தாள். “காட்டுறன் சாமி” என்றவள், புருஷனிடம் திரும்பி, “கள்ளன் மாதிரி என்ர கையைப் பிடியுங்க” என்றாள்.

மார்சலின் சிரித்துக்கொண்டே பிடித்தான். அவள் ஒரு அடி உள்ளே வைத்து, இடுப்பைத் திருப்பினாள். அவ்வளவுதான், அந்தப் பெரிய உடம்பு அவள் முதுகுக்கு மேலால் போய் மெத்தையில் தொம்மென்று விழுந்தது. தும்புத் தூசி எழும்பி அடங்கியது. அவன் முகட்டைப் பார்த்தபடி கிடந்தான். அவள் முகம் வெளுத்துவிட்டது. நான் மனதுக்குள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன்.

சாமியார் தாடியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாரே, அந்தச் சிரிப்பில்தான் சாவி என்னிடம் தங்கியது. அவரைச் சிரிக்க வைத்தது, மார்சலின் கிடந்த கிடையிலேயே சொன்ன வார்த்தை: “சாமி, மண்டபத்தப் பறிச்சிராதீங்க. இவ வீட்டில பழகத் தொடங்கினா அங்க மெத்தையும் இல்ல.”

இப்படியாக, எதிரியைச் சமாளிக்கிற இந்த வித்தையைப் பழக ஊரின் நாலு பக்கத்திலிருந்தும் என்னிடம் வந்தவர்களில் ஒருவருக்காவது கடைசிவரை ஒரு எதிரி கிடைத்ததாக எனக்குத் தகவல் இல்லை.