பார்த்தவர்கள் வரிசையில் இல்லாத பெயர்

எங்கள் தெருவில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடுவது பிறர் பார்ப்பதற்காக அல்ல; யார் பார்த்தார்கள் என்று நாம் பார்ப்பதற்காக. அறந்தாங்கியில் கணவனை வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டு இருக்கும் பெண்களுக்கு இது அன்றாட வேலை. குழம்பை இறக்கியதும் ஒரு படம், மகளுக்குச் சடை பின்னியதும் ஒரு படம். பிறகு, பார்த்தவர்களின் பெயரையும் நேரத்தையும் மேய வேண்டும். நான் அதில் கெட்டிக்காரி. தினமும் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாதவர்களை மனதில் குறித்து வைத்துக்கொள்வேன்.

என் கணவருக்கு அங்கே கட்டட வேலை. வேலையிடத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்களாம். அதனால் அவர் பெயர் சாயங்காலம்தான் வரும். ஒருநாள் நடுப்பகலிலேயே வந்துவிட்டது.

"ட்யூட்டி நேரத்துல போன் எப்படிங்க கைக்கு வந்துச்சு?" என்று கேட்டேன்.

"இன்னிக்கி லீவு" என்று தடுமாறினார்.

அன்றோடு அவர் பெயர் வருவதே நின்றுபோனது. அதற்குப் பதிலாக, படம் போட்ட மறுநிமிடமே கீரமங்கலத்தில் இருக்கும் அவருடைய அக்காவின் பெயர் வந்து நின்றது. என் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்காத நாத்தனாருக்குத் திடீரென்று என்மேல் என்ன பாசம்?

இதில் வேடிக்கை, படத்தையே பார்க்காத மனிதர் போனில், "புள்ளைக்கு நெத்தியில என்ன காயம்?" என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா வேவு பார்க்கிறாள், தம்பி கேட்டுக்கொள்கிறார். என்மேல் சந்தேகமா? இல்லை, என்னைப் பார்க்கவே பிடிக்காத அளவுக்கு அங்கே வேறு யாராவது வாய்த்துவிட்டாளா?

பொறி வைத்தேன். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பச்சைப் பட்டுச் சேலையை இரவல் வாங்கிக் கட்டி, நாத்தனாருக்கு மட்டும் தெரிகிற மாதிரி படம் போட்டேன். சாயங்காலம் கணவர் அழைத்தார்.

"பச்ச ஒனக்கு எடுப்பா இருக்கு."

மறுநாள் காலை பஸ் பிடித்துக் கீரமங்கலத்தில் இறங்கினேன். நாத்தனார் மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார்.

"என்னய வேவு பாக்கத்தான் போன் வச்சிருக்கீங்களா மதினி?"

அவர் நாரைக் கீழே வைத்தார்.

"இங்கிட்டு வந்து உக்காரு ஆத்தா. தெரிஞ்ச மாதிரி அவன்ட்ட காட்டிக்கிறாத. போன மாசமே அவனுக்கு வேல போயிருச்சு. ஒருவேளச் சோத்தத் தின்னுட்டுப் பகல் பூரா ரூம்லதான் கெடக்கான். அவன் போன்ல பாத்தா ஒனக்கு நேரம் தெரிஞ்சிரும்ல? சாயங்காலம் வரைக்கும் பொறுக்கவும் முடியலயாம். அதான் நீ போடுற படத்தயெல்லாம் என்னய அனுப்பச் சொல்றான். கொஞ்சம் பிந்துனாக்கூட, 'அவ இன்னும் ஒண்ணும் போடலயாக்கா'ன்னு நச்சரிக்குறான். ஒனக்கு முன்னால மட்டும் தல குனிய முடியலயாம்."

என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் மடியிலேயே விழுந்து அழுதேன்.

அன்று சாயங்காலமும் கணவர் அழைத்தார்.

"இப்பத்தான் வேல முடிஞ்சு ரூமுக்கு வாரேன்" என்றார்.

"அலுப்பா இருக்கும், ஒக்காருங்க" என்றேன். நம்பியதுபோலவே என் குரல் வந்தது.

"சாப்பிட்டீங்களா?"

"வயிறு நெறையச் சாப்பிட்டேன்" என்றார்.

அதற்கு மட்டும் என்னால் 'ம்' கொட்ட முடியவில்லை.