அவிக்காத துணி

எண்பதுகளில் ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுத் தறியில் ஓடியது ஆஸ்பத்திரிக்குப் போகிற பேண்டேஜ் துணி. ஒருநாள் தறி இரும்பு உரசி, அப்பாவின் குதிகாலில் புளியங்கொட்டை அளவுக்குத் தோல் உரிந்துவிட்டது. "பேண்டேஜ் துணிக்கா நம்ம வீட்டுல பஞ்சம்?" என்று அம்மா தறியிலிருந்தே கிழித்துக் கட்டினாள்.

கால் வீங்கிக் காய்ச்சல் கண்டபிறகு ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோனோம். டாக்டர் அம்மாவிடம் எரிந்து விழுந்தார். "கிருமியை உள்ள விடாம தடுக்கிறதே தோல்தாம்மா. அது உரிஞ்ச இடத்துல, கிருமி சாக ஆவியில அவிக்காத துணியையா கட்டுவாங்க?"

அந்த நேரத்தில் சொல்கிற பேச்சா அது?

அப்பா பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு அம்மா சோப்புப் போட்டுக் கை கழுவாமல் தறியில் உட்கார்ந்ததில்லை. "எப்படியும் அவிச்சுத்தானம்மா ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாக" என்பேன்.

"அவிக்கும் முன்ன யாராவது கட்டிட்டா?" என்பாள்.