வெடித்த டயரின் குளிர்

அக்கா வீட்டு மூலையில் ஒரு கைப்பம்பு சாய்ந்து நிற்கிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சாதாரணப் பம்பு. அந்த வீட்டில் இப்போது சைக்கிளே கிடையாது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமே என்று எடுத்தால், "அது கெடந்துட்டுப் போவுது, வையி" என்பாள். வைத்துவிடுவேன். வைக்கும்முன் அதன் குழாயை ஒருமுறை தொட்டுப் பார்ப்பேன். சும்மா நிற்கிற பம்பு சுடாது என்று தெரியும். இருந்தாலும் கை போகிறது.

அக்காவின் கணவர் எனக்கு மச்சான். நான் அவருக்கு மாப்ள. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையில் இரண்டு பேரும் சேர்ந்து பஞ்சர் கடை போட்டிருந்தோம். சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகளை நம்பித்தான் பிழைப்பு. மாலையில் எங்கள் புருவம் வரை வெள்ளையாகிவிடும். மச்சானுக்கு வாய் ஓயாது. அவசரப்படுத்தும் டிரைவரிடம், "டயரு இருக்கட்டும்ணே, நீங்க நாலு பக்கமும் உருண்டு காட்டுங்க, வண்டிய அனுப்பிடுறேன்" என்பார். திட்ட வந்தவன் சிரித்துவிடுவான். காற்றை வீணாக்க மட்டும் அவருக்கு மனம் வராது. "காத்து சும்மா கெடைக்குது மாப்ள, அடைச்ச காத்து சும்மா கெடைக்காது" என்று அடிக்கடி சொல்வார். கம்ப்ரசர் உறுமி உறுமி டாங்கி நிறைவதைப் பார்த்தவர்களுக்கு அது புரியும்.

அன்று கரண்டு போவதும் வருவதுமாக இருந்தது. டாங்கியில் மிச்சமிருந்த காற்றை லாரி டயர் ஒன்றுக்கு ஏற்றினோம். டயரைச் சக்கரத்தோடு பிடித்து வைக்கும் இரும்பு வளையம் ஒரு பக்கம் சரியாக உட்காராமல் துருத்தி நின்றது. காற்றை முழுதாக இறக்கிவிட்டு வளையத்தைத் திருப்பிப் பூட்ட வேண்டும், அதுதான் முறை. "எறக்கிடுவோம் மச்சான்" என்றேன். "எறக்குனா கரண்டு வர வரைக்கும் வண்டி இங்கதான் கெடக்கும். ஒரு தட்டு தட்டுனா போயி ஒக்காந்துடும்" என்று சுத்தியலை எடுத்தார். சக்கரத்தைச் சுற்றிக் கட்டும் சங்கிலியையாவது கொண்டுவரலாம் என்று திரும்பினேன். அந்தச் சத்தம் இன்னும் என் இடது காதில் இருக்கிறது. திரும்பிப் பார்த்தபோது வெள்ளையாக ஒரு புகை. அதற்குள் ஓடினேன். அது புகை இல்லை. சில்லென்று முகத்தில் அடித்தது, மார்கழிப் பனி மாதிரி. வளையம் அவர் மேலேயே பாய்ந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது பேருக்குத்தான்.

உடலை, முகத்தை மூடித்தான் கொடுத்தார்கள். அக்காவைப் பார்க்க விடவில்லை. அவள் காதில் விழுந்தது 'டயர் வெடித்தது' என்ற சொல் மட்டும்தான். வெடி என்றால் அவளுக்கு நெருப்பு. அன்றிலிருந்து அடுப்பைப் பற்றவைக்க அவளால் முடியவில்லை. தீக்குச்சியை எடுப்பாள், உரசாமலே வைத்துவிடுவாள். என் மனைவிதான் சோறு கொண்டுபோவாள். நான் போகும்போதெல்லாம் அக்கா கேட்பாள்: "ரொம்ப வெந்துடுச்சா தம்பி?" இல்லைக்கா, அங்கே பனி மாதிரி குளிர்ச்சியாக இருந்தது என்பேன். "எனக்காகப் பொய் சொல்லாத. வெடிச்ச எடத்துல குளிருமா?" நான் பார்த்தது எனக்குத் தெரியும், ஏன் குளிர்ந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

எங்கள் கடைக்கு பைக் கொண்டுவருகிற இயற்பியல் பேராசிரியர் ஒருவரிடம் கேட்டேன். "பொய்யில்லைங்க. காத்து ஒரே நொடியில விரியுது. வெளியேருந்து சூடு உள்ள வர நேரமில்ல. தன்கிட்ட இருக்கிற சூட்டச் செலவழிச்சுத்தான் விரியணும். அதான் குளிருது" என்றார். ஒரு பாடப்புத்தகமும் கொடுத்தார். பத்தாவதோடு நின்றவன் நான். எழுத்துக்கூட்டாத குறையாகப் படித்தேன். வெப்பம் வராமலும் போகாமலும் நடக்கும் மாற்றத்தில் என்ட்ரோபி, அதாவது சூடு எவ்வளவு சிதறிக் கிடக்கிறது என்பதன் அளவு, மாறாது என்று அதைப் படித்துப் புரிந்துகொண்டேன். அவரிடம் சொன்னபோது தலையாட்டினார். "எங்க பசங்களும் அப்படித்தான் எழுதிட்டு வருவாங்க. மெதுவா, ஒவ்வொரு அடியிலும் திரும்பி வர்ற மாதிரி நடந்தா மாறாது. வெடிச்சா கூடிடும்." வெளியிலிருந்து ஒன்றும் வரவில்லையே, கூடினது எங்கிருந்து வந்தது சார் என்றேன். "உள்ளேயே பொறக்குதுங்க. பொறந்தா அழியாது. அதனாலதான் தானா பழையபடி ஆகாது." அன்று வேலை ஓடவில்லை.

மறுநாள் கைப்பம்பையும் ஒரு பழைய டியூபையும் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். டியூப் விறைக்கும் வரை அடித்து, சற்று ஆறவிட்டு, அவள் உள்ளங்கையை வால்வுக்கு நேரே பிடித்துக் காற்றைத் திறந்தேன். கையை இழுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். இழுக்கவில்லை. டியூப் தொளதொளத்துப் போகும் வரை அப்படியே வைத்திருந்தாள்.

"சில்லுன்னுதான் இருக்கு" என்றாள். பிறகு, "இன்னொரு தரம் அடி."

அடித்தேன். இந்த முறை அவள் பம்பின் குழாயைத் தொட்டாள். சட்டென்று விரலை எடுத்தாள்.

"இது யாரு சூடு?"

"நான் அழுத்துனதுதான்க்கா சூடாவுது. என் ஒழைப்பு."

"அவரு ஒழைப்பும் அப்ப அந்தப் பனியாத்தான் போச்சா?"

அவளே எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்து எனக்கு டீ போட்டாள். பம்பை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது, "அது இங்கயே இருக்கட்டும்" என்றாள்.

இப்போது கடையில் இரும்புக் கூண்டு இருக்கிறது. சக்கரத்தை அதற்குள் வைத்துத்தான் காற்றேற்றுகிறேன். வளையம் துளி துருத்தினாலும் மொத்தக் காற்றையும் இறக்கிவிடுகிறேன்; டிரைவர்கள் ஏசுகிறார்கள். அக்கா இப்போது அடுப்பில்தான் சமைக்கிறாள். ஆனால் தீக்குச்சியை உரசும்முன் ஒரு நொடி நிற்கிறாளே, அந்த நிற்பு மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. போன வாரம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். பம்பின் குழாயைத் தொட்டேன். அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்:

"ஆறிடுச்சா?"

"ஆறி ரொம்ப நாளாச்சுக்கா" என்றேன்.