வெளுத்துப் போன வீட்டு வண்டி

பிரான்சிலிருந்து திரும்பி மூலக்குளத்தில் வீடு கட்டிக் குடிவந்த பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. என் கணவர் பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இருவரும் அங்கேயே வேலையில் தங்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் இன்டர்நெட் சென்டருக்குப் போய் வெப்கேமில் அவர்கள் முகத்தைப் பார்ப்போம். மற்ற நாட்களில் சமையலை வெள்ளென முடித்துவிட்டுக் கூடத்துக்கும் வாசலுக்கும் நடப்பேன். கழுவிய பாத்திரத்தையே எடுத்து மறுபடி கழுவுவேன்.

வீட்டை ஒட்டிய காலி மனையில் எங்கள் வண்டி நின்றது. ஒரு பழைய வேனை வாங்கி, அதன்மேல் ஃபைபர் கூண்டு கட்டி, உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து அவர் ஆசையாகச் செய்த வண்டி. அவர் அதைப் பிரான்சில் சொல்வது போல ‘காம்பிங்கார்’ என்பார். தெருப் பிள்ளைகளுக்கு அது வீட்டு வண்டி. கன்னியாகுமரிக்கு ஒரு தடவை போய்வந்தோம். அதற்குப் பிறகு அவருக்கு முட்டியில் ஆபரேஷன். கிளட்சை மிதிக்க முடியவில்லை. வண்டி நின்றது நின்றதுதான்.

ஒருநாள் துணி காயப்போடும்போது அதன்மேல் சாய்ந்துவிட்டேன். புடவையின் பின்பக்கம் முழுக்க வெள்ளை மாவு. விரலால் தேய்த்துப் பார்த்தேன். சுண்ணாம்பு மாதிரி ஒட்டியது. பளபளவென்று கிரீம் நிறத்தில் இருந்த வண்டி, வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் பக்கெட் போல வெளுத்திருந்தது. ஜன்னல்களுக்குக் கீழே கறுப்புக் கறுப்பாக மழைத் தண்ணீர் வழிந்த கோடுகள்.

“இத தேய்ச்சா பளபளப்பு திரும்பி வருமாங்க?” என்று கேட்டேன்.

“வுடு, அது ஆவாது” என்றார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

எனக்குக் கை பரபரத்தது. அன்றைக்கே பாத்திரம் துலக்கும் பவுடரையும் கம்பி நாரையும் எடுத்துக்கொண்டு ஒரு மூலையைத் தேய்த்தேன். கீறல் விழுந்ததுதான் மிச்சம். மறுநாள் டவுனில் கார் பெயின்ட் விற்கும் கடைக்குப் போனேன்.

“பெயின்டர வரச் சொல்லுங்க மேடம், அவருகிட்ட வெவரம் சொல்றேன்” என்றார் கடைக்காரர்.

“நாந்தாங்க பெயின்டர்.”

அவர் சிரித்துவிட்டு, ரொம்ப நைசான உப்புத்தாள், ரப்பிங் காம்பவுண்ட் என்ற பசை, மெழுகு பாலிஷ் மூன்றையும் எடுத்து வைத்தார். வெயில் படும்போது போடாதீர்கள், காய்ந்து பிடித்துக்கொள்ளும் என்றார். அதனால் காலையில் வண்டியின் மேற்குப் பக்கம், சாயங்காலம் கிழக்குப் பக்கம். உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தால் பால் போல வெள்ளைத் தண்ணீர் ஓடியது. துடைத்துவிட்டுக் காம்பவுண்டைத் துணியில் எடுத்து வட்டவட்டமாகத் தேய்க்க, அடியிலிருந்து பழைய நிறம் மெல்லத் தலைகாட்டியது. அதைப் பார்த்ததும் எனக்குப் பொறுமை போய்விட்டது. இங்கே வந்தது அங்கே வருமா என்று கதவுப் பக்கம் ஓடினேன், அங்கிருந்து பின்பக்கம். எதையும் முடிக்கவில்லை.

நாலைந்து நாள் கழித்து அவர் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து பார்த்தார்.

“இன்னாடி இது, வண்டிக்குத் தேமல் வந்த மாதிரி இருக்குது?”

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவர் உள்ளே போய் ஸ்டூலும் பேப்பர் டேப்பும் கொண்டுவந்தார். டேப்பை ஒட்டிக் கட்டம் கட்டமாகப் பிரித்தார். “ஒரு கட்டம் முடிஞ்சாத்தான் அடுத்தது.” எனக்குக் குனிந்தால் இடுப்பு வலிக்கும், அவருக்கு நின்றால் முட்டி வலிக்கும். மேல்பாதியை நான் தேய்த்தேன், கீழ்ப்பாதியை அவர் ஸ்டூலில் உட்கார்ந்து தேய்த்தார். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. மெழுகு போட்டுத் துடைத்த அன்று எதிர்வீட்டு மாடிப்படி அதில் தெரிந்தது. நான் சுற்றிச் சுற்றி வந்தேன்.

அதே வாரம் புரோக்கர் ஒருவர் ஓர் ஆளை அழைத்துக்கொண்டு வந்தார். பீச் பக்கம் நிறுத்தி ஃபாஸ்ட் ஃபுட் போட வண்டி வேண்டுமாம்.

“புதுசு மாதிரி இருக்குதே சார்!” என்றார் அந்த ஆள், கூண்டைத் தட்டிப் பார்த்து.

“விக்கிறதுன்னு யாரு சொன்னது?” என்று கேட்டேன்.

புரோக்கர் என் கணவரைப் பார்த்தார். கணவர் தரையைப் பார்த்தார். அப்புறம் சொல்கிறோம் என்று அவர்களை அனுப்பிவிட்டேன்.

“எப்ப சொல்லி வச்சீங்க?”

“போன மாசம். என்னால ஓட்ட முடியாது. நிறுத்தி வச்சு இன்னா பண்றது? பாக்கப் பாக்க எனக்கு எரிச்சலா இருக்குது.” வண்டியைப் பார்த்து அவர் இவ்வளவு நாள் வெந்துபோயிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“நா ஓட்டுறேன்.”

“இந்த பஸ்ஸு லாரி நடுவுலயா?”

“அங்க பனியில புள்ளைங்கள ஸ்கூல்ல கொண்டுபோயி வுட்டது யாரு?”

திரும்பி வந்த புதிதில் இங்கேயும் லைசென்ஸ் எடுத்திருந்தேன், ஓட்டத்தான் இல்லை. மெக்கானிக்கை வரவழைத்து பேட்டரியை மாற்றினோம். ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். அங்கே வலது கையால் கியர் போட்டுப் பழகிய எனக்கு இங்கே இடது கை சொன்னபடி கேட்கவில்லை. இந்திரா காந்தி சதுக்கத்தில் வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. பின்னால் ஒரே ஹாரன். “அலே, அலே! போ, போ! செகண்டு போடாத, ஃபர்ஸ்ட்டு!” என்று அவர் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு கத்தினார். வேர்வையில் ஸ்டியரிங் வழுக்கியது. அரியாங்குப்பம் பாலம் தாண்டிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

வீராம்பட்டினத்தில் கடல் தெரிகிற இடமாகப் பார்த்து நிறுத்தினேன். அவர் பின்கதவைத் திறந்து வைத்துப் படுக்கையில் காலை நீட்டினார். காற்று உள்ளே புகுந்து திரைச்சீலையைத் தூக்கியது. நான் மணலில் இறங்கி நடந்தேன், திரும்பி வந்தேன், மறுபடி நடந்தேன்.

“கெளம்பலாமா?” என்றேன்.

“இப்பத்தான வந்தோம்!”

“இன்னும் கொஞ்ச தூரம் போயிப் பாக்கலாங்க. கடலூர் வரைக்கும்.”

அவர் எழுந்து வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். புரோக்கரைப் போனில் கூப்பிட்டு வண்டியை விற்பதாக இல்லை என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து “போ” என்றார்.