கார்கிவுக்கும் பெல்கொரோதுக்கும் நடுவில் எங்கள் டாக்டரம்மா

செய்தி வந்தபோது, சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்த மருந்துப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். டாக்டர் கமலவேணியின் தங்கை சேலத்து மருத்துவமனையிலிருந்து பேசினார். "பாய், அக்கா போயிட்டாங்க. விடியறப்ப" என்றார். முந்தின நாள் சாயங்காலம்தான் டாக்டரம்மா என்னோடு பேசியிருந்தார். இதயத்துக்கு வைத்தியம் முடிந்து வார்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்றும், கீழே வெக்கை தாங்கவில்லை, சீக்கிரம் ஏற்காட்டுக்கு மலையேறிவிட வேண்டும் என்றும் சொன்னார். பெட்டியில் மேலாக இருந்தது அவருடைய க்ளினிக்குக்காக வரவழைத்த இன்சுலின். அதை எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்தேன். கெட்டுப்போகக் கூடாதே என்ற நினைப்பு ஒன்றுதான் அப்போது மனதில் ஓடியது.

ஏற்காட்டில், ஒண்டிக்கடைப் பகுதியில் என் மருந்துக்கடைக்கு அடுத்த வாசல் அவருடையது. இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு அவர் காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் பார்த்த டாக்டரம்மா. கடைசி சில ஆண்டுகள் அவர் வேறொரு வேலையும் செய்துகொண்டிருந்தார். அடுத்த கடைக்காரன் என்பதால் அதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதைத்தான் இங்கே சொல்ல வேண்டும்.

அதற்குமுன் ஒரு பழைய சம்பவம். நாகலூரில் கொடிக்கம்பம் நடுவதில் இரண்டு கட்சிக்காரர்கள் அடித்துக்கொண்டு, இரண்டு பேரும் மண்டை உடைந்து ஒரே ஜீப்பில் வந்து இறங்கினார்கள். டாக்டரம்மா தையல் போட்டு முடித்ததும் இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார். "ஏனுங்க, அவரு என்ன கேக்கறாருன்னு நீங்க சொல்லுங்க. அவரு 'ஆமா, இதைத்தான் கேக்கறேன்'னு ஒத்துக்கற மாதிரி சொல்லோணும்" என்றார். முதல் ஆள் சொன்னதை இரண்டாமவர் ஒத்துக்கொள்ளவில்லை. மறுபடி சொன்னார். ஒரு மணி நேரம் இழுத்தது. வெளியில் காத்திருந்த நோயாளிகள் எல்லாம் உள்ளே எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் இரண்டாமவர், "ஆமாங்க, அதேதான். இதை முன்னயே சொல்லியிருந்தா நான் ஏனுங்க கல்லை எடுக்கறேன்?" என்றார். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஊர் போனார்கள். சமாதானம் ஆகிவிட்டார்களா என்று கேட்டால், இல்லை. கம்பங்கள் இரண்டும் இன்றைக்கும் எதிரும் புதிருமாகத்தான் நிற்கின்றன. ஆனால் அதற்குப் பிறகு யாரும் கல்லை எடுக்கவில்லை.

இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டேன். "ஹாஸ்டல்லதானுங்க" என்றார். அவருடைய அப்பா சேலத்தில் ஆலைத் தொழிலாளி. செங்கொடிச் சங்கத்தில் தீவிரமானவர். சோவியத் நாட்டில் உதவித்தொகையோடு மருத்துவம் படிக்க மகளுக்கு இடம் கிடைத்தபோது, ஏதோ சொர்க்கத்துக்கே அனுப்புகிற மாதிரி வழியனுப்பினாராம். கார்கிவ் நகரத்தில், விடுதி அறையில் கூட இருந்தவர்கள் இரண்டு பேர். ஒக்ஸானா அந்த ஊர்ப் பெண், உக்ரைன்காரி. லூதா ரஷ்யப் பெண், பெல்கொரோத் ஊர். இரண்டு ஊருக்கும் நடுவில், சேலத்திலிருந்து ஈரோடு போகிற தூரத்தைவிடச் சற்றே அதிகம். அன்றைக்கு அது ஒரே நாடு.

"அமெரிக்காக்காரன் குண்டு போட்டா எப்படித் தப்பிக்கறதுன்னு அவுங்களுக்கு வகுப்பு உண்டுங்க பாய். ரெண்டு பேரும் சேர்ந்து எனக்கு விஷவாயு முகமூடி மாட்டிப் பழக்குவாங்க. நான் மூச்சுத் திணறி முழிப்பேன், அவங்க கட்டில்ல உழுந்து சிரிப்பாங்க" என்பார். "அந்தப் பக்கம் அமெரிக்காவுல இதே மாதிரி யாரோ ரெண்டு பொண்ணுங்க, ரஷ்யாக்காரன் வருவான்னு மேசைக்கடியில ஒளிஞ்சு பழகியிருப்பாங்க. ரெண்டு நாடுமே சரித்திரம் நம்ம பக்கந்தான்னு சொல்லுச்சுங்க. சரித்திரமே நம்ம பக்கம்னா அப்புறம் எதிராளிகிட்டக் கேக்கறதுக்கு என்ன இருக்கு?"

உக்ரைன் மீது ரஷ்யா போர் தொடங்கிய அன்று என் கடைத் தொலைக்காட்சியின் முன்னால் நின்றபடியே அவர் கார்கிவைப் பார்த்தார். தெரிந்த தெரு ஒன்று திரையில் வந்தது. திரும்பி க்ளினிக்குக்குள் போய்விட்டார்.

மறுநாள் காலை தலைச்சோலையிலிருந்து முருகேசன் வந்தார். சொந்தமாகக் கொஞ்சம் காப்பித்தோட்டம் வைத்திருப்பவர். அவருடைய மகள் பவித்ரா கார்கிவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். அங்கே போக வழி சொன்னவரே டாக்டரம்மாதான். பிள்ளை விடுதியின் நிலவறையில் இருந்தாள். முருகேசன், "என் கண்ணைக் கொண்டுவந்து குடுத்துருங்கம்மா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

டாக்டரம்மா இரண்டு சிநேகிதிகளையும் அழைத்தார். லூதா உடனே சொன்னார்: "பெண்ணை எங்கள் பக்கம் அனுப்பிவிடு. நான் எல்லையில் காரோடு நிற்கிறேன். இங்கே ஆபத்தில்லை. சாதாரண ஜனங்களை யாரும் சுடமாட்டார்கள்." ஒக்ஸானா சொன்னார்: "அந்தப் பக்கத்திலிருந்துதான் குண்டு வருகிறது. அந்தச் சாலையில் அவளை விடாதே. மேற்கே போகிற ரயிலில் ஏற்றிவிடுகிறேன்."

இரண்டு பேருமே அன்பால்தான் சொன்னார்கள். இரண்டு வழியும் எதிரெதிர்த் திசை. முருகேசன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா, "ரயில்லயே வரட்டுங்க" என்றார்.

ஏன் அப்படி முடிவெடுத்தார் என்று பின்னால் கேட்டேன். "லூதா பொய் சொல்லலீங்க. அவ டிவியில பார்த்ததைச் சொன்னா. ஒக்ஸானா ஜன்னல்ல பார்த்ததைச் சொன்னா" என்றார்.

ஒக்ஸானா அந்த வயதில் குண்டுச் சத்தத்துக்கு நடுவே நடந்துபோய்ப் பவித்ராவை நிலவறையிலிருந்து கூட்டிவந்தார். ரயில் நிலையத்தில் கூட்டம் நெரிந்தது. உள்ளூர்ப் பெண்களையும் குழந்தைகளையும் முதலில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காவலர் பவித்ராவைத் தடுத்தபோது, "இவள் என் மகள்" என்றாராம் ஒக்ஸானா. காவலர் அந்த வெள்ளைக்கார அம்மாவையும் நம் தலைச்சோலைப் பிள்ளையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு வழி விட்டார். தன்னுடைய குளிர்க்கோட்டைக் கழற்றி அவளுக்குப் போட்டு ஏற்றிவிட்டு, ஒக்ஸானா திரும்பி நடந்தார். பவித்ரா எல்லை தாண்டி, விமானம் ஏறி, அந்தக் கோட்டோடுதான் ஏற்காடு வந்து சேர்ந்தாள்.

முருகேசன் இனிப்போடு வந்த அன்று லூதாவிடமிருந்தும் ஒரு செய்தி வந்திருந்தது. "இத்தனை வருஷ சிநேகிதத்தில் நீ என்னை நம்பவில்லை." அதன்பிறகு அவர் டாக்டரம்மாவின் அழைப்பை எடுக்கவே இல்லை. இந்தப் பக்கம் ஒக்ஸானா ரஷ்ய மொழியில் பேசுவதை நிறுத்திவிட்டார். "உக்ரைன் மொழியில் பேசுவதானால் பேசு" என்றார். டாக்டரம்மா படித்ததும் பழகியதும் ரஷ்ய மொழியில். அறுபது வயதைத் தாண்டிய பிறகு, நோயாளிகள் இல்லாத நேரத்தில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு உக்ரைன் மொழி படிக்க உட்கார்ந்தார். "நொம்பக் கஷ்டமுங்க பாய். பக்கத்து ஊட்டுக்குள்ள போன மாதிரி இருக்குது. எல்லாம் தெரிஞ்ச சாமான்தான், ஆனா எதுவும் வெச்ச இடத்துல இல்ல" என்று சிரித்தார். லூதாவுக்கோ, காப்பி பூத்தால் அந்தப் பூவைப் படமெடுத்து அனுப்புவார். பதில் வராது. பார்த்ததற்கான குறி மட்டும் வரும். "பார்க்கறாளே, போதுங்க" என்பார்.

இந்தப் போரைப் பற்றி எனக்கும் அவருக்கும் வாக்குவாதம் நடக்கும். எனக்கு வல்லரசுகள் எல்லார் மேலும் கோபம் உண்டு. அமெரிக்கா மேல் கொஞ்சம் கூடுதல். அவர்கள் சீண்டாமல் இருந்திருந்தால் இது வந்திருக்குமா என்று ஒருநாள் கேட்டேன். அவர் ரத்த அழுத்தக் கருவியைச் சுருட்டி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "பழைய நாடு உடைஞ்சப்போ ஒருத்தர் ஜெயிச்சிட்டோம், இனி யாரையும் கேக்க வேண்டியதில்லன்னு நினைச்சாங்க. இன்னொருத்தர் தோத்துட்டோம், இதை மறக்கக் கூடாதுன்னு நினைச்சாங்க. அப்புறம் எத்தனையோ தடவை உட்கார்ந்து பேசினாங்க. எதிராளி என்ன சொல்லுவான்னு முன்னாலயே முடிவு பண்ணிட்டு வந்து உட்கார்ந்தா அது பேச்சாங்க? கேக்காம விட்டது எல்லாரோட தப்பு. ஆனா குண்டு போட்டது, போட்டவங்க தப்பு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கலக்கக் கூடாதுங்க."

அவருடைய பெஞ்சு வைத்தியம் தோற்றதையும் நான் பார்த்தேன். போரின் இரண்டாவது வருடம், எப்படியோ இரண்டு பேரையும் ஒரு முறை பேசச் சம்மதிக்க வைத்தார். இருவரையும் ஒரே திரையில் கொண்டுவர அவருக்குத் தெரியாததால் என்னைக் கூப்பிட்டார். முகங்கள் வந்தன. இரண்டும் நரைத்த தலைகள். ஒரு கணம் மூவருமே சிரித்துவிட்டார்கள். அடுத்த நிமிடமே குரல்கள் மாறின. நடந்ததைப் பிறகு அவர் எனக்குச் சொன்னார்.

ஒக்ஸானா தன் மொழியில் பேசினார். "எனக்குப் புரிகிற மொழியில் பேசு. அந்த மொழி உனக்கு என்ன தீங்கு செய்தது?" என்றார் லூதா. டாக்டரம்மா குறுக்கிட்டு, லூதா என்ன நினைக்கிறாள் என்று ஒக்ஸானாவைச் சொல்லச் சொன்னார். "இவளுக்கு எதுவும் தெரியாது என்று என்னைச் சொல்வாள்" என்றார் ஒக்ஸானா. லூதாவையும் அதே மாதிரி கேட்டார். "எங்கள் எல்லோரையும் கொலைகாரர்கள் என்பாள்" என்றார் லூதா. இரண்டு பேரும் ஒரே நேரத்தில், "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று கத்தினார்கள். சொல்லாத பேச்சுக்கெல்லாம் இருவரிடமும் பதில் தயாராக இருந்தது. முதலில் ஒரு முகம் மறைந்தது, பிறகு மற்றதும்.

அந்த வெற்றுத் திரையில் டாக்டரம்மாவின் முகம் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், "நாகலூர்க்காரங்க ரெண்டு பேரும் அதே பஸ்ல ஊட்டுக்குப் போயாகோணும் பாய். அதனால ஒத்துக்கிட்டாங்க. இவுங்களுக்கு அந்த பஸ் இல்லீங்க" என்றார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த நோயாளியை உள்ளே வரச் சொன்னார்.

பிறகு பெல்கொரோதிலும் குண்டுகள் விழத் தொடங்கின. ஒருநாள் மத்தியானம் லூதாவே அழைத்தார். அத்தனை காலத்துக்குப் பிறகு முதல் வார்த்தையாக, "நிலவறையில் ஒக்ஸானா என்னவெல்லாம் வைத்திருந்தாள் என்று கேட்டுச் சொல்கிறாயா?" என்றார். டாக்டரம்மா ஒக்ஸானாவை அழைத்து, யார் கேட்டது என்பதை மறைக்காமல் கேட்டார். இப்போது தெரிகிறதா என்று ஒக்ஸானா கேட்டுவிடுவார் என்று டாக்டரம்மா பயந்தாராம். அவர் கேட்கவில்லை. "தண்ணீர், டார்ச், மாத்திரைகள், கம்பளிக் காலுறை. கண்ணாடி ஜன்னல் பக்கம் படுக்க வேண்டாம் என்று சொல்" என்றார். டாக்டரம்மா ஒரு மொழியில் கேட்டதை மற்ற மொழியில் ஒப்பித்தார்.

அன்றிலிருந்து கடைசிவரை அதுதான் அவருடைய இன்னொரு வேலை. அவர்கள் இருவரும் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. கோபமும் குறையவில்லை. லூதாவின் வசவு இவருக்கு, ஒக்ஸானாவின் வசவும் இவருக்கு. ஆனால் மூட்டு வலிக்கு என்ன மாத்திரை, பேத்திக்கு இருமல் நிற்கவில்லை, ஊரில் மின்சாரம் வந்ததா என்கிற விசாரிப்புகள் ஏற்காடு வழியாகப் போய் வந்தன. "பெரிய பெரிய ஆளுங்க மேசை போட்டு உட்கார்ந்தும் முடியல. என்னால நிறுத்திர முடியுங்களா? இந்தக் கம்பி அறுந்துபோகாமப் பார்த்துக்கறேன், அவ்வளவுதான்" என்பார்.

அடக்கம் முடிந்த மறுநாள் பவித்ரா என் கடைக்கு வந்தாள். வேறொரு நாட்டில் படிப்பை முடித்து, இப்போது சேலத்தில் பயிற்சி டாக்டராக இருக்கிறாள். ரஷ்ய மொழி அவளுக்குத் தெரியும். "பாய், அவுங்க ரெண்டு பேருக்கும் யாரு சொல்றதுங்க?" என்றாள். க்ளினிக்கைத் திறந்து, அவருடைய மேசைக்கு எதிரில் உட்கார்ந்து அழைத்தோம்.

முதலில் லூதா கிடைத்தார். செய்தியைக் கேட்டு அழுதார். பிறகு சட்டென்று அழுகையை நிறுத்திக்கொண்டு, "ஒக்ஸானாவிடம் சொல்லிவிட்டீர்களா?" என்றார். இல்லை என்றாள் பவித்ரா. "முதலில் அவளை உட்காரச் சொல். உட்கார்ந்துவிட்டாளா என்று கேட்டுக்கொண்டு பிறகு சொல். அவள் அப்பா இறந்த செய்தி வந்தபோது நின்றபடியே விழுந்தவள். நாங்கள் இரண்டு பேரும்தான் தூக்கினோம்."

ஒக்ஸானாவை அழைத்தோம். பவித்ராவின் குரலைக் கேட்டதும் அவர் ரஷ்ய மொழியிலேயே பேசினார். அவளுக்காக மட்டும் அந்த விலக்கு. பவித்ரா, "முதலில் உட்காருங்கள் அம்மா" என்றாள். "அப்படிச் சொல்லச் சொன்னது யார்?" என்று கேட்டார் ஒக்ஸானா. பவித்ரா என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். "லூதா" என்றாள்.

நாற்காலியை இழுக்கிற ஓசை எங்களுக்குக் கேட்டது. மேற்கொண்டு எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிறகு ஒக்ஸானா சொன்னார்: "உட்கார்ந்துவிட்டேன் என்று அவளிடம் சொல்லிவிடு."

பவித்ரா உடனே லூதாவை அழைத்து அதைச் சொன்னாள்.

டாக்டரம்மாவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அவர் விட்டுப்போன அந்த வேலைதான். எனக்கு அவர்கள் மொழி தெரியாது, பவித்ராவுக்கு ரஷ்ய மொழி தெரியும். ஞாயிற்றுக்கிழமை அவள் மலைக்கு வரும்போது இரண்டு பக்கமும் பேசுகிறோம். போன வாரம் இரண்டு பேருமே எங்களைத் திட்டினார்கள்.