வாஷிங் மெஷினை அடைத்தது யார்?

எங்கள் வீட்டு வாஷிங் மெஷினைக் கெடுத்தவள் நான்தான் என்று குடும்பத்தில் இன்றுவரை ஒரு பேச்சு உண்டு. கல்யாணம், காதுகுத்து என்று நாலு பேர் கூடினால் மாமா அதை எடுத்துவிடுவார். எல்லோரும் சிரிப்பார்கள். இப்போது நானும் சேர்ந்து சிரிக்கிறேன். தொடக்கப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்தபோது சிரிக்க முடியவில்லை. மாமாவோடு பேசாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அப்போது புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அம்மா பால் மரம் வெட்டினார்; ரப்பர் மரப் பட்டையைக் கத்தியால் சீவிப் பால் இறக்கும் வேலை. அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டினார். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தால் மதியம்வரை அவருக்கு வீடுதான். அந்த வருஷம் அம்மாவுக்கு வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. கத்தி பிடித்துப் பிடித்து வந்த வலி. துணி பிழியவே கூடாது என்று கிளினிக்கில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். பிழிந்தால் கை கெடும், கை கெட்டால் கத்தி பிடிக்க முடியாது, கத்தி பிடிக்காவிட்டால் தோட்டத்தில் வேலையும் கிடையாது, வீடும் கிடையாது.

அம்மாவின் தம்பியான என் மாமா மந்தின் டவுனில் இருந்தார். விஷயம் கேள்விப்பட்டதும் தன்னுடைய பழைய மெஷினை லோரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். ஒரு தொட்டியில் துவைத்து இன்னொரு தொட்டியில் போட்டுப் பிழியும் மெஷின். இறக்கிய கையோடு அப்பாவையும் ஒரு பிடி பிடித்தார்.

"என்னா மச்சான், அக்கா கை இப்பிடி வீங்கற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தீங்களா?"

அப்பா மெஷினுக்கு அடியில் பலகையை நகர்த்தி நகர்த்தி மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் அம்மா ஒரு சட்டம் போட்டார். வேலை உடுப்பு மெஷினுக்குள் போகவே கூடாது. மரம் வெட்டுகிறவர்களின் சட்டையிலும் கால்சட்டையிலும் பால் தெறித்துக் காய்ந்து தோல்போல ஒட்டியிருக்கும். அந்த நாற்றம் லேசில் போகாது. வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எல்லா வீட்டிலும் வேலை உடுப்புக்குத் தனி வாளி, தனி பிரஷ். துவைப்பதும் வெளியே பொதுப் பைப்படியில்தான்.

"அப்ப அத யாரு தேய்க்கிறது? திரும்ப நீதானே?" என்றார் மாமா.

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் தேய்ப்பேன்லா. என் கையால பிரஷ் போட்டுத் தேய்ப்பேன். உங்க அக்கா வேலை உடுப்பத் தொடவே வேணாம், போதுமா?"

மாமா அவரை மேலும் கீழும் பார்த்தார். அதன் பிறகு அவர் அப்பாவிடம் பேசிய குரலில் ஒரு மரியாதை வந்திருந்தது. அது எனக்கே தெரிந்தது. எனக்கும் பெருமை தாங்கவில்லை. எங்கள் லயத்தில் எந்த அப்பாவும் பெண்டாட்டி துணியைக் கையால் தொட்டு நான் பார்த்ததில்லை.

சொன்னபடியே அம்மா வேலை முடிந்து வரும்போது முதல் நாள் உடுப்பு கொடியில் காய்ந்துகொண்டிருக்கும். "பிரஷ் போட்டுத் தேய் தேய்னு தேய்ச்சிட்டேன், முதுகே போச்சு" என்று அப்பா இடுப்பைப் பிடித்துக்கொள்வார். அம்மா "ம்" என்பார். அம்மாவின் கை வீக்கமும் மெல்ல வடிந்தது.

பிறகுதான் மெஷின் மக்கர் செய்ய ஆரம்பித்தது. துவைக்கும், ஆனால் தண்ணீர் வெளியே போகாது. தொட்டி நிறைய அழுக்குத் தண்ணீர் அப்படியே நிற்கும். அப்பா பக்கவாட்டில் தட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார். தண்ணீர் போகும் குழாயில் வாயை வைத்து ஊதினார். அது திருப்பி ஊதியதில் மீசையெல்லாம் சோப்பு நுரை. நான் விழுந்து விழுந்து சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை.

"தம்பியக் கூப்பிட்டா ஒரு நிமிசத்துல பாத்துருவான்" என்றார் அம்மா.

"எதுக்கு அவர? நானே பாத்துக்கிறேன்."

"இல்லன்னா லுக்குட்ல மெஷின் கடைக்காரரு..."

"யாரும் வேணாம்ங்கிறேன்!"

அப்பா அப்படிக் கத்துகிறவர் இல்லை. எதற்கு இவ்வளவு வீம்பு என்று எனக்குத் தோன்றியது. மாமா பெரிய ஆள் ஆகிவிடுவார் என்ற பொறாமையாக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

சனிக்கிழமை என் பள்ளி உடுப்பை அம்மா கையால் அலசினார். பிழிய முடியாமல் துணியைப் பைப்பில் சுற்றிக்கொண்டு இடது கையால் முறுக்கினார். வலது கை தானாக வந்து சேர்ந்துகொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அவர் முறுக்கியதை அப்பா வாசலில் நின்று பார்த்தார். வேனுக்குப் பின்னால் போய் ஹேண்ட்போனை எடுத்தார். "மச்சான், நாளைக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்று அவர் சொன்னது கேட்டது. தோற்றுப்போன குரல்.

மாமா மறுநாள் டூல் பெட்டியோடு வந்தார். குழாய் மடிந்திருக்கிறதா என்று பார்த்தார். பஞ்சு சேரும் வலைப்பையைக் கழற்றி உதறினார். பிறகு மெஷினின் பின்பக்கத்தைத் திறந்து, தண்ணீர் இறங்கும் வழியில் இருந்த மூடியைத் திருகிக் கையை உள்ளே விட்டார். அப்பா கழற்றிய குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

மாமாவின் கை வெளியே வந்தபோது அதில் ஒரு சாம்பல் நிற உருண்டை இருந்தது. இழுக்க இழுக்க நீண்டது, விட்டால் சுருங்கியது. தேங்கியிருந்த தண்ணீர் மடமடவென்று இறங்கியது.

மாமா வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். "எல்லாம் இவ வேலதான். தலைக்குப் போடுற ரப்பர் பேண்டெல்லாம் கழட்டி பாவாடை பாக்கெட்டுல போட்டுக்குவா. எத்தன வாட்டி சொல்றது?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நான் போடல! மா, இது ரப்பர் பேண்ட் இல்ல. ஒட்டுப்பாலு! மரப்பட்டை சீவல்கூட ஒட்டியிருக்கு பாருங்க. மோந்து பாருங்க மாமா!"

ஒட்டுப்பால் என்றால் என்னவென்று தோட்டத்தில் பிறந்த எனக்குத் தெரியாதா? மரத்திலும் பால் வடியும் மங்கிலும் உறைந்து கிடக்கும் மிச்சப் பால். அதை உருட்டிப் பந்தாக்கித்தானே நாங்கள் விளையாடினோம்?

மாமா மோந்து பார்த்தார். அவரும் அதே தோட்டத்தில் வளர்ந்தவர்தான். அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். பிறகு மாமா அம்மாவின் மணிக்கட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உருண்டையைப் பழைய பேப்பரில் சுருட்டினார்.

"ரப்பர் பேண்டுதான்லா. சோப்புத் தண்ணியில ஊறி இப்பிடி ஆயிருச்சு. இனிமே பாக்கெட்ட பாத்துட்டுப் போடு, என்னா?" என்று என் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

நான் ஓவென்று அழுதேன். "பெரியவங்க பேசறப்ப குறுக்க பேசாத" என்றார் அம்மா. அப்பாதான் என்னைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். ஐஸ்கிரீம்காரரின் மோட்டார் சைக்கிள் லயத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

"நீ போடலம்மா. எனக்குத் தெரியும்" என்றார் மெதுவாக.

"அப்ப ஏன் சொல்லல?"

இரண்டு ஐஸ்கிரீம் வாங்கி இரண்டையும் என்னிடமே கொடுத்தார். லயமே போய்வரும் பைப்படியில், நண்பர்கள் பார்க்க, குந்தி உட்கார்ந்து பெண்டாட்டியின் கால்சட்டையைத் தேய்க்க அவருக்குக் கூச்சம். அம்மாவின் கையை விட்டுவிடவும் மனமில்லை. அதனால் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு அந்த உடுப்பை மெஷினிலேயே போட்டு எடுத்திருக்கிறார். இதெல்லாம் நான் வளர்ந்து, கல்யாணம் ஆகி, வெகுகாலம் கழித்துக் கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டது. என் அப்பாமீது எனக்கு அப்படி ஒரு பாசம் பொங்கியதும் அன்றைக்குத்தான்.

மாமா வந்துபோன மறுநாளிலிருந்து அம்மா ஒரு புது வேலை வைத்துக்கொண்டார். வேலை முடிந்து வந்து உடுப்பை மாற்றியதும் பின்கட்டில் உட்கார்ந்து, சட்டைக் கையிலும் கால்சட்டையிலும் காய்ந்திருந்த பாலை இழை இழையாக உரித்தெடுப்பார். பாக்கெட்டுகளை வெளியே இழுத்து உதறுவார். ஒரு பொட்டு ஒட்டுப்பால் மிச்சமில்லை என்று தடவிப் பார்த்த பிறகுதான் உடுப்பை வாளிக்குள் போடுவார். அடுத்த நாள் மதியம் அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "பிரஷ் போட்டுத் தேய்ச்சதுல முதுகே போச்சு" என்பார்.

"நல்லா வெளுத்திருக்குங்க" என்பார் அம்மா.

ஆயுசு முழுக்கப் பால் வாடையிலேயே கிடந்தும், ஒட்டுப்பால் எது, ரப்பர் பேண்ட் எது என்று தெரியாத என் அம்மாவை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது.